எடை?

அரவேணு தாண்டி மூன்றாவது வளைவில்
காட்டெருமை ஒன்று சாலையில் நின்றது.
அதனால் இலை லாரி நின்றது.
லாரி நின்றதால் தராசு காலி.
தராசு காலியாகக் கிடந்ததால்
ஆல்துரை எதையும் தட்டவில்லை.
ஆல்துரை தட்டாததால்
நான் எழுதிய நிரல்
'எடை?' என்று கேட்ட இடத்திலேயே
நின்றது.

கறுப்புத் திரை. வெள்ளைக் கட்டம் மட்டும்
அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து.
பார்ப்பவருக்கு உயிரோடு இருப்பதுபோலத் தெரியும்.
எழுதியவள் சொல்கிறேன், இல்லை.
ஒரு வரியைப் படிக்கப் போன நிரல்
அந்த வரி முடியும்வரை
வேறெதற்கும் ஆகாது.
என்டர் விழுந்தால்தான் மூச்சு.

அதற்கடுத்த வரியில் எழுதியிருந்தேன்:
டிரையரின் சூட்டைப் படி,
நூறைத் தாண்டினால் மணியடி.
அடுத்த வரிதானே என்றுதான் எழுதினேன்,
கோவையில், மின்விசிறிக்குக் கீழே,
எல்லாக் கேள்விக்கும் நானே
சுடச்சுடப் பதில் தட்டிக்கொண்டு.

இங்கே பதிலுக்கு நாலு கால், இரண்டு கொம்பு.
அதற்கு அவசரம் இல்லை.

தொண்ணூற்றெட்டு.
நூற்று நான்கு.
நூற்றுப் பதினேழு.

சல்லடை அறையில் தூள் பிரித்துக்கொண்டிருந்த
பெள்ளி அண்ணன்தான் முதலில் அறிந்தார்.
கை நிற்கவில்லை, மூக்கு மட்டும் திரும்பியது.
"கருகுது" என்றார்.
கைக்கு ஒரு வேலை, மூக்குக்கு ஒரு வேலை,
ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்காத உடம்பு.

அறுபது கிலோ போயிற்று.
முதலாளி திட்டவில்லை.
கருகிய தூளில் ஒரு டம்ளர் போட்டு
என் முன்னால் வைத்தார்.
குடித்தேன்.

மறுநாள் நிரலை இரண்டு இழையாகப் பிரித்தேன்.
ஒன்று வாசலில் உட்கார்ந்து கேட்கும்,
வருவதையெல்லாம் வரிசையில் போட்டுவைக்கும்.
மற்றது மூன்று நொடிக்கொருமுறை
சூட்டைப் பார்த்துத் திரையில் எழுதும்.
யாருக்காகவும் யாரும் நிற்க வேண்டாம்.
பெருமையாகத்தான் இருந்தது,
இரவு பத்தேகால் வரை.

மாதியம்மாவின் இலை வந்தது.
நூற்று நாற்பத்தேழு கிலோ.
ஆல்துரை ஒற்றை விரலால் 14 என்று அடித்து
7 எங்கே என்று தேடும் நேரத்தில்
குறுக்கே வந்து விழுந்தது
என் இரண்டாம் இழை:

எடை? 14சூடு 97

பயந்துவிட்டார்.
அடித்ததை மிஷின் தின்றுவிட்டது என்று
முதலிலிருந்து அடித்தார், 147, என்டர்.
திரை கலைந்ததே தவிர
உள்ளே அந்தப் பழைய 14 அப்படியே இருந்தது.
பதினாலாயிரத்து நூற்று நாற்பத்தேழு கிலோ.
மாதியம்மாவின் ஒன்றரை ஏக்கர்
அன்றிரவு கோத்தகிரிச் சரிவு முழுவதையும்
பறித்து முடித்திருந்தது.
விடிந்ததும் அவளே வந்து கேட்டாள்:
"காசு எப்ப தருவீங்க?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

காத்திருந்து கெடுத்தேன், சரி.
காத்திராமலும் கெடுக்க முடியும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்
வரியை விட்டுவிட்டு விசை விசையாக வாங்கினேன்.
சூடு சொல்லும் நேரம் வந்தால்
அவர் பாதி அடித்ததை மடித்து ஓரமாக வைத்து,
சொல்ல வேண்டியதை மேலே சொல்லிவிட்டு,
கீழே மறுபடி விரித்து வைத்தேன்:

எடை? 14

விட்ட இடத்திலேயே கட்டம் சிமிட்டியது.
ஆல்துரை நிதானமாக
7-ஐக் கண்டுபிடித்தார்.

ஓர் இடத்தை மட்டும் மாற்றவில்லை.
கடைசித் தட்டு இறங்கியதும் அது கேட்கும்:
'அடுப்பை அணைக்கவா?'
அங்கே இழை இல்லை, வரிசை இல்லை,
மூன்று நொடிக் கணக்கும் இல்லை.
பழையபடி நிற்கும்.
பெள்ளி அண்ணன் தூளை அள்ளி முகர்ந்து,
இன்னொரு முறை முகர்ந்து,
கை கழுவி, துண்டில் துடைத்து,
வரட்டும்.

இப்போது போன் வந்தது.
மூன்றாவது வளைவில்
இன்றும் வந்து நிற்கிறதாம்.
ஹாரன் அடிக்காதே என்றேன்.

எடை?
சூடு 96
எடை?
சூடு 97
எடை?